நீல ஸ்பஞ்சு

காந்திபுரத்தில் அந்த வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்களை, கீழே டீக்கடையில் நிற்பவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். நெற்றியில் குறுக்காக ஒரு சிவந்த கோடு இருக்கும். இரண்டு கன்னத்திலும் பிறை மாதிரி வளைந்த கோடுகள் இருக்கும். தலைசுற்றலுக்கு மோந்து பார்க்க மேலே கொடுக்கும் எலுமிச்சம்பழமும் கையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

“மேல போய் ஹெல்மெட் மாட்டிட்டு வந்தீங்களாக்கும்?” என்று யாராவது கேட்பார்கள். ஆசாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடையைக் கட்டுவார். தேய்த்தால் போகிற கோடு இல்லை அது. டீ ஆறி, குடித்து, கிளாஸைக் கழுவி வைக்கும் வரைக்கும் அப்படியே இருக்கும்.

வாசல் போர்டில் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார் முதலாளி லட்சுமணசாமி. ஊர் அதைப் படித்துச் சிரமப்படவில்லை. ‘ஹெல்மெட் கேம்’ என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. தொண்ணூற்றாறாம் வருஷம். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளே கொஞ்சம். சிங்கப்பூரில் ஒரு விளையாட்டுக் கூடத்தை இழுத்து மூடியபோது, லட்சுமணசாமியின் மகன் சசிதர் இந்த மிஷினைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். கொண்டுவந்த கையோடு மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டான். மிஷின் அப்பா தலையில் விழுந்தது. அப்பா அதைத் தூக்கிப் பிரான்சிஸ் தலையில் வைத்தார்.

பிரான்சிஸுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஸ்பின்னிங் மில்லில் நின்றுகொண்டே வேலை பார்த்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட மனிதர். மில்லை மூடிய அன்று கேட்டில் நின்று, “எல்லாரும் ஊட்டுக்குப் போங்க, சொல்லியனுப்பறோம்” என்றார்கள். வருஷங்கள் ஓடியும் யாரும் சொல்லியனுப்பவில்லை. நடுவில் ஒரு பஞ்சு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். தூசியில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. இதுவும் நிற்கிற வேலைதான். ஆனால் தூசி இல்லை. மிஷின் சூடாகக் கூடாது என்று ஏசி போட்டிருந்தார்கள். அதில் கொஞ்சம் பிரான்சிஸுக்கும் கிடைத்தது. காலையில் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறுவார். இருட்டிய பிறகு கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கித் திரும்புவார். இந்த வேலை போனால் மறுபடியும் குடோன்தான். அது அவருக்குத் தெரியும். அவர் மனைவி இளவேனிலுக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

மிஷின் என்றால் இரண்டு மேடைகள். ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு வளையக் கம்பி. ஆள் உள்ளே ஏறியதும் பிரான்சிஸ் கம்பியைச் சாத்தி, ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் இருக்கும் திருகை இறுக்கி, கையில் ஒரு பிடியைக் கொடுப்பார். உள்ளே ஒரு கோட்டை தெரியும். ஊதா நிறத்தில் வானம், பாலங்கள், படிக்கட்டுகள். இரண்டு மேடைக்காரர்களும் அந்தக் கோட்டைக்குள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து நெருப்புப் பந்து வீச வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த வெள்ளி பொம்மைகள். முகம் கிடையாது. யார் மில் முதலாளி, யார் ஒர்க்‌ஷாப் பையன் என்று சொல்ல முடியாது.

முதலில் வந்தவர்கள் இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, மேடைக்கு அடியில் குனிந்து ஒயர்களைப் பார்த்து, “இதுல ஒண்ணுமில்லடா, நம்மளே பண்ணலாம்” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்று ஆடிவிட்டுப் போனார்கள். அடுத்து பவுண்டரி முதலாளிகள். இவர்கள் மதியம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத் தனியாக வருவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பையனுக்குப் புடிக்குமான்னு பாக்கறனுங்க” என்பார்கள். பையன் ஒருநாளும் வந்ததில்லை. டாக்டர் வரும்வரை பொழுதைத் தள்ள மருந்துக் கம்பெனி ரெப்புகள் வந்தார்கள். மோட்டார் வாங்க வந்த தோட்டக்காரர்கள், மோட்டாரைக் கீழே வண்டியில் ஏற்றிவிட்டு மேலே வந்தார்கள். உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்த அப்துல் வஹீது, வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். அவர் பந்தே வீச மாட்டார். பாலத்தின் மேல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங்க பிரான்சிஸ், இங்க யாரும் என்னையத் தேடி வரமாட்டாங்கல்ல?” என்று கேட்டு இறங்குவார்.

பெண்கள் எப்போதாவதுதான். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த இடத்தில் ஆசைப்பட்டு ஏறி வருவார்கள். தலையிலிருக்கும் மல்லிகைச் சரத்தைக் கழற்றிப் பிரான்சிஸ் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டுவார்கள். ஆட்டம் முடியும்வரை அவர் கைநிறையப் பூவோடு, பெண்ணழைப்புக்கு வந்தவர் மாதிரி நிற்க வேண்டும்.

யார் வந்தாலும் சில பழக்கங்கள் மாறவில்லை. சொல்லாமலே செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார்கள். “போட்டுட்டே ஏறலாமுங்க” என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிரான்சிஸ் ஓய்ந்துவிட்டார். புதிதாக மாட்டியவர்கள் கழுத்தைத் திருப்பவே மாட்டார்கள். நேரே வெறித்துக்கொண்டு, “படம் எப்பப் போடுவீங்க?” என்பார்கள். பந்து எதிராளி மேல் பட்டுவிட்டால், “அடடா, பட்டுருச்சுங்களா?” என்று வருத்தப்படுவார்கள். பாலத்தை மறித்து நிற்கும் பொம்மையிடம், “ஏனுங்க, சித்தெ தள்ளிக்கறீங்களா?” என்று கேட்டு, அது தள்ளும்வரை காத்து நின்றவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை சத்தம். காதை மூடிக்கொண்டால் தான் பேசுவது தனக்கே சரியாகக் கேட்காது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று ஒரு நினைப்பு. கண்ணை மூடிக்கொண்ட பூனை கதைதான். வாயருகே மைக் இருந்தது. இரண்டு மேடைக்காரர்களும் அதில் மெதுவாகவே பேசிக்கொள்ளலாம். ஆனாலும் கத்துவார்கள். மாமனாரைப் பற்றி, பங்காளியைப் பற்றி, வீட்டில் சொல்லாமல் வாங்கிப்போட்ட சைட்டைப் பற்றி, பெஞ்சில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. பிரான்சிஸ் தோளைத் தட்டி, “மெதுவாப் பேசுங்க, வெளிய கேக்குதுங்க” என்பார். தூக்கத்தில்கூட அவர் அதைச் சொல்வதாக இளவேனில் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டுக்கு உள்ளே, முகத்தில் படுகிற ஸ்பஞ்சைப் பார்த்தால் ஊரே அதில் இருக்கும். திருநீறு, சந்தனம், குங்குமம், தேங்காய் எண்ணெய், பவுடர், வியர்வை. ஓர் ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறுவதற்குள் பிரான்சிஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பார்.

வம்பு அந்த ஸ்பஞ்சில்தான் ஆரம்பித்தது.

லட்சுமணசாமியின் சகலை வெங்கடபதி. பீளமேட்டில் பம்ப் பவுண்டரி வைத்திருப்பவர். அவர் மகள் மேக்னா வந்து ஆடிவிட்டுப் போன இரண்டொரு நாளில் அவள் நெற்றியில் சின்னச் சின்னதாகக் கொப்புளங்கள் கிளம்பின. டாக்டர் வேர்க்குரு என்றார். வெங்கடபதி ஒத்துக்கொள்ளவில்லை. மாடி ஏறி வந்து, சகலையிடம் தெலுங்கில் ஆரம்பித்தார். பிரான்சிஸ் நிற்பதைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“யாரையுங் குத்தஞ் சொல்லலீங்க. ஆனா நாலு தெரு ஆளும் மாட்டுனதைக் கொண்டுவந்து கொழந்தை மொகத்துல வெக்கறோம். மத்ததெல்லாம் பாத்துப் பாத்துச் செய்யறோம். இதை மட்டும் இப்படி உட்டுட்டமுங்களே.”

அவர் போன பிறகு லட்சுமணசாமி பிரான்சிஸைக் கூப்பிட்டார். கூட்டம் இருந்தால் “ஏனுங்க பிரான்சிஸ்”. தனியாக இருந்தால் “ஏப்பா”.

“ஏப்பா, நீல ரெக்சின் வெச்சுப் புது ஸ்பஞ்சு ரெண்டு தெக்கச் சொல்லியிருக்கறேன். நம்ம பழக்கமான குடும்பங்க வந்தா நீலத்தை ஒட்டு. மத்தவங்களுக்குப் பழைய கறுப்பே இருக்கட்டும்.”

ஸ்பஞ்சு ஒட்டுப்பட்டையில் நிற்பது. இழுத்தால் சரக்கென்று பிரியும். மாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை.

“பழக்கமான குடும்பம்னு எப்படிங்க தெரியும்? நெத்தியிலயா எழுதியிருக்குது?”

“கேட்டாத் தெரியுது. எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்கன்னு கேளு. மரியாதையாக் கேளு. நம்மூர்ல அதைக் கேட்டா யாரு கோவிச்சுக்கறாங்க? சந்தோசமாச் சொல்லுவாங்க.”

“அழுக்குன்னா ரெண்டையும் நாந்தான் தொடைக்கறனுங்களே.”

லட்சுமணசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பிரான்சிஸுக்குக் கால் வீங்கிய அன்று தன் காரிலேயே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டவர். “சகலை வாயை அடைக்கோணுமப்பா. எனக்கும் தெம்பு இல்ல. உன்னையச் சொல்லல. நீ நம்ம ஆளு.”

நீ நம்ம ஆளு என்ற வார்த்தை எந்தெந்த நேரத்தில் வெளியே வரும் என்று பிரான்சிஸ் மில்லிலேயே பார்த்தவர். “சரிங்க” என்றார். வேறு எதையும் சொல்ல அவருக்கும் தெம்பு இல்லை.

புது ஸ்பஞ்சு வந்தது. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை ஹெல்மெட்டுகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். மிஷினை நிறுத்தி எழுப்பினால் இரண்டும் கொஞ்சம் விலகி நிற்கும். ஒருவர் மாட்டிப் பார்த்துத் திருகினால்தான் ஒன்று சேரும். ஸ்பஞ்சு இல்லாமல் மாட்டினால் கண்ணின் தூரம் சரியாக வராது. ஆகவே நீல ஸ்பஞ்சுகளில் முதன்முதலாகப் பதிந்த முகம் பிரான்சிஸுடையது. முதலாளி அதை யோசிக்கவில்லை. பிரான்சிஸுக்கே அடுத்த நாள் மாட்டிக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

கேட்க ஆரம்பித்தார்.

முதலாளி சொன்னது முக்கால்வாசி உண்மை. பவுண்டரிக்காரர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஊரைச் சொல்லி, தோட்டத்தைச் சொல்லி, தாத்தா வெட்டிய கிணற்றைச் சொல்லி, பெஞ்சில் இருந்த இன்னொருவரோடு உறவு கண்டுபிடித்து, ஆட வந்ததையே மறந்தார்கள். மீதிக் கால்வாசியைக் கண்டுபிடிக்கப் பதில்கூடத் தேவையில்லை. பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். மூச்சை இழுத்து விடுகிற அளவுதான். அந்த இடைவெளிக்குப் பிறகு எந்த ஊரைச் சொன்னாலும் பிரான்சிஸ் கறுப்பை ஒட்டினார். சட்டைப் பையில் பேனா குத்திய ஒரு காலேஜ் பையன், “எதுக்குங்க கேக்கறீங்க?” என்றான். “சும்மாதானுங்க” என்றார். பையன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து பிரான்சிஸுக்குக் கால்வலி இடுப்புக்கு ஏறியது.

சனிக்கிழமை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இளவேனிலிடம் சொன்னார்.

“கேட்டாக் கேட்டுட்டுப் போங்க” என்றாள் இளவேனில். “நம்மள எத்தனை பேரு கேட்டிருக்கறாங்க. செத்தா போயிட்டோம்?”

“அதுனாலதான் சொல்றேன்.”

அவள் ரசத்தை ஊற்றினாள். பிறகு, “நாளைக்கு ஞாயித்துக்கெழமை. சுப்பையன் வருவானே. அவனையுமா கேப்பீங்க?” என்றாள்.

சுப்பையன் அதே வீதி. நான்கு வீடு தள்ளி. பவர்லூம் தறி ஓட்டுகிறவன். வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு, ஞாயிறு மதியம் பஸ் ஏறி வந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவான். சத்தத்தில் கத்திப் பிரயோஜனமில்லை என்று பழகியவன். ஹெல்மெட்டுக்குள் போனால் வாயே திறக்க மாட்டான். பிரான்சிஸ் ஒருநாளும் தோளைத் தட்டாத ஒரே ஆள் அவன்.

“அவனைக் கேக்க வேண்டியதில்ல” என்றார் பிரான்சிஸ். “முதலாளி இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிருவான்.”

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மதியமே வந்துவிட்டார். கூடவே வெங்கடபதியும், அவர் அக்கா மகன் உதயும். கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியாம். வெங்கடபதி பட்டு வேட்டி, சென்ட் வாசனை. “சகலை சொன்னாருங்க, புதுசு மாத்தியாச்சுன்னு. அதான் ஒரு கை பாத்துட்டுப் போலாம்னு” என்றார். அவர் மாட்டுவது அதுதான் முதல் தடவை.

பிரான்சிஸ் இரண்டு ஹெல்மெட்டிலும் நீலத்தை ஒட்டினார். வலது மேடையில் வெங்கடபதி, இடது மேடையில் உதய். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உதய் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, கழட்டுங்க, கழட்டுங்க” என்றான். கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். சோடா குடிக்கிறேன் என்று பையன் கீழே ஓடினான்.

“ஏனுங்க, ஆட்டம் நின்னு போச்சுங்களா?” வெங்கடபதி மாடி அதிரக் கேட்டார். “நான் கழட்டலீங்க. இப்படியே நிக்கறேன். யாராச்சும் வந்தா ஏத்திவுடுங்க.”

பெஞ்சில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் முதலில் ஆடுவதற்குப் பயந்துகொண்டு அம்மாக்களின் சேலையைப் பிடித்திருந்தார்கள். அப்போது படியேறி வந்தான் சுப்பையன். தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, பிரான்சிஸைப் பார்த்துச் சிரித்தான்.

லட்சுமணசாமி சுப்பையனைப் பார்த்தார். பிறகு இடது ஹெல்மெட்டில் இருந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு பிரான்சிஸைப் பார்த்தார்.

பிரான்சிஸின் கை ஒட்டுப்பட்டையின் மேல் இருந்தது. குடோனின் தூசி வாடை எங்கிருந்தோ மூக்குக்குள் வந்தது.

“எந்த ஊருங்க?” என்றார்.

சுப்பையன் முதலில் சிரித்தான். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தான். யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. முதலாளியின் முகம், நீலம், கறுப்பு, பட்டையின் மேல் இருந்த கை என்று ஒவ்வொன்றாக அவன் பார்வை போய் வந்தது. அவனிடம் அந்த இடைவெளி வரவில்லை.

“உங்கூருதானுங்க” என்றான். “உங்க வீதிதானுங்க.”

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். “வாரேனுங்க” என்றான், எப்போதும் சொல்கிற அதே மரியாதையோடு. படியில் அவன் இறங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“ஆளு வந்தாச்சுங்களா?” என்றார் வெங்கடபதி, சுவரைப் பார்த்து நின்றபடி.

லட்சுமணசாமி முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். “பிரான்சிஸ், நீங்களே ஏறி ஆடுங்க. அவரு நிக்கறாரு பாருங்க.”

“எந்த ஸ்பஞ்சை ஒட்டறதுங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி குரலைத் தாழ்த்தினார். “எதையாச்சும் ஒட்டிட்டு ஏறப்பா.”

பிரான்சிஸ் எதையும் மாற்றவில்லை. இருந்த நீலத்தோடேயே மாட்டிக்கொண்டார். காலையில் சரிபார்க்க மாட்டுவதோடு சரி. ஆட்டமாக அவர் ஆடியதில்லை. ஊதா வானம் வந்தது. பாலம் வந்தது. கோட்டையின் மூலையில் ஒரு வெள்ளி பொம்மை சுவரில் முகத்தை வைத்து நின்றது.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க? எனக்குச் செவுருதான் தெரியுது.”

“கழுத்தைத் திருப்புங்க. பொறத்தாலதான் நிக்கறனுங்க.”

பொம்மை மெல்லத் திரும்பியது. “அட, ஆமாங்க. இது தெரியாம நின்னுட்டு இருந்திருக்கறேன். படி எக்கட்டால இருக்குதுங்க?”

“வலக்கைப் பக்கமுங்க. பாத்து ஏறுங்க.”

இரண்டு பொம்மைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறிப் பாலத்துக்கு வந்தன. வெங்கடபதிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “நல்லா வழி தெரிஞ்ச ஆளாட்ட இருக்குதுங்க. நீங்க எந்த ஊருங்க?”

யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. கண் மறைந்து, முகம் மறைந்து, வெள்ளி பொம்மையாகப் பாலத்தின் மேல் நின்றும் கேட்டார். அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை. சாப்பிட்டாச்சுங்களா என்பது போல வந்த கேள்வி.

பிரான்சிஸ் மூச்சை இழுத்து விட்டார். வாரம் முழுக்க அடுத்தவரிடம் பார்த்த அந்த இடைவெளி, தன்னிடமும் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“கருமத்தம்பட்டிங்க.”

“அப்படீங்களா. அங்க எந்தப் பக்கமுங்க? நமக்கு அங்கெல்லாம் ஆளுங்க இருக்கறாங்க.”

“காலனிங்க” என்றார் பிரான்சிஸ். “பிரான்சிஸ் பேசறனுங்க. உங்களுக்கு இப்ப மாட்டிவுட்டனே, அவந்தான். நெதமும் காலையில கடை தொறந்ததும், நீங்க மொகத்துல வெச்சிருக்கறதை மொதல்ல நாந்தான் மாட்டிப் பாக்கறனுங்க. நீலத்தையுந்தான். நான் மாட்டிப் பாக்காம இது ஒருத்தர் மொகத்துலயும் ஏறுனதில்லீங்க. உங்க பாப்பா போட்டதும் அப்படித்தானுங்க.”

கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தோளைத் தட்டி, மெதுவாப் பேசுங்க என்று சொல்ல வெளியே ஆள் இல்லை.

எதிரே இருந்த பொம்மை அசையவில்லை. அதற்கு முகம் இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. வெங்கடபதி கழற்றிவிட நினைத்திருக்கலாம். ஆனால் பின்பக்கத் திருகைத் தளர்த்தி ஹெல்மெட்டை எடுக்க வேண்டிய ஆள் பக்கத்து மேடையில் நின்றார். ஆகவே அவர் அப்படியே நின்றார். பிரான்சிஸின் கட்டை விரல் பிடியின் பொத்தான் மேல் இருந்தது. ஒரு பந்து போட்டால் பொம்மை சிதறிவிடும். கையைத் தூக்க அவரால் முடியவில்லை. இரண்டு பேரும் பாலத்தின் மேல் எதிரெதிரே, ஆட்டம் முடிந்த மணி அடிக்கும்வரை நின்றார்கள்.

பிரான்சிஸ் தன்னுடையதைக் கழற்றிவிட்டு, எப்போதும்போலப் போய், வெங்கடபதியின் திருகைத் தளர்த்தி ஹெல்மெட்டை எடுத்தார். வியர்வை அவர் நெற்றியிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் நின்றது. நெற்றியில் சிவப்பாகக் கோடு. கை பட்டு வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தது. எதிரில் பிரான்சிஸ் நிற்கிறார். பெஞ்சில் இரண்டு குடும்பம் பார்க்கிறது. கைக்குட்டை முகம்வரை வரவில்லை. மடித்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

“நல்லாருந்துச்சுங்க” என்றார். சகலையிடம் தெலுங்கில்கூட ஒன்றும் சொல்லாமல், சோடா பாட்டிலோடு ஏறி வந்த உதயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

லட்சுமணசாமி அவர்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை ஜன்னலோரம் நின்றார். திரும்பியபோது, மதியம் வந்தவரைவிட வயதானவராகத் தெரிந்தார்.

“ஏப்பா,” என்றார். பெஞ்சில் ஆட்கள் இருப்பதை மறந்துவிட்டார். “நாளைக்கு வர வேண்டாம். நான் சொல்லியனுப்பறேன்.”

“சரிங்க.”

பிரான்சிஸ் இரண்டு நீல ஸ்பஞ்சையும் துடைத்தார். கறுப்பு இரண்டையும் துடைத்தார். சாவியை மேசை மேல் வைத்தார். பெஞ்சில் இருந்த ஓர் அம்மா, “எங்க பையன் ஆடலாமுங்களா?” என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தது படியில் கேட்டது. மாட்டிவிட யார் இருக்கிறார்கள் என்று அவர் நின்று யோசிக்கவில்லை.

அவிநாசி பஸ் பாதி காலியாக நின்றது. வெளிச்சம் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போனதே இல்லை. கடைசிக்கு முந்தின சீட்டில் சுப்பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

“சித்தெ தள்ளுப்பா.”

தள்ளினான். பஸ் கிளம்பிப் பீளமேடு தாண்டியது.

“உன்னையக் கேட்டுப்போட்டேன்” என்றார் பிரான்சிஸ்.

“கேட்டீங்க.” சுப்பையன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். “நானுஞ் சொல்லிப்போட்டேன்.”

கண்டக்டர் வந்து போனார்.

“என்னங்ணா, இன்னிக்கு நேரத்துலயே கௌம்பிட்டீங்க?”

“சொல்லியனுப்பறேன்னாரு.”

சுப்பையனுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. அவன் அப்பாவும் அதே மில்லில் இருந்தவர்தான். கொஞ்ச நேரம் கழித்து முதல் முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

“நெத்தியில என்னங்ணா? நீங்களுமா மாட்டுனீங்க?”

பிரான்சிஸ் விரலால் தடவிப் பார்த்தார். கோடு நன்றாகவே பதிந்திருந்தது. “வெங்கடபதியும் நானும் ஆடுனோம்.”

“யாரு கெலிச்சது?”

“யாரும் பந்தே போடல.” தலையைச் சீட்டின் மேல் சாய்த்துக்கொண்டார். “அவரு கல்யாணத்துக்குப் போறாரு. அங்க நாலு பேரு நெத்தியப் பாத்துட்டு என்னதுன்னு கேப்பாங்க.”

“என்ன சொல்லுவாரு?”

சுப்பையன் திரும்பிப் பார்த்தான். பிரான்சிஸ் தூங்கிவிட்டிருந்தார். இத்தனை நாளில் அந்தப் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். தலை சரிந்து தன் தோளில் விழுந்தபோது சுப்பையன் நகரவில்லை.

“ஊரு வந்தா எழுப்பறனுங்க” என்றான், மெதுவாக.